தூரிகைப் பதில்கள்: ஆட்கள் பார்க்கும்போது கை ஏன் தயங்குகிறது?

வெளியிடத்தில் இருந்து படம் கீறுவதைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதன் பின்னர் வந்த கடிதங்களில் நிறக்கலவை பற்றிக் கேட்டவை இரண்டே இரண்டு. மற்றவை அநேகமாக யாவும் ஆட்களைப் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: வீட்டில் நீர்வர்ணத்தில் ஓரளவு நன்றாகவே கீறுவேன். கடந்த மாதம் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஒரு மரநிழலில் உட்கார்ந்து கோட்டையைக் கீறத் தொடங்கினேன். பத்து நிமிடத்துக்குள் ஐந்தாறு பேர் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் எனது கை எனது சொல்லைக் கேட்கவில்லை. பாதியில் எழுந்து வந்துவிட்டேன். இது மனவுறுதிக் குறைவா? தியானம் பழகினால் சரியாகுமா?
ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: தியானம் பழகுங்கள், நல்லது, ஆனால் இதற்காகப் பழக வேண்டியதில்லை. உங்களுக்கு நேர்ந்தது மனவுறுதிக் குறைவு அன்று, எல்லா மனிதருக்கும், ஏன் பூச்சிகளுக்கும்கூட, நேர்வதுதான். றொபேட் ஸாயொன்ஸ் என்ற உளவியலாளர் 1965 இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: பிறர் அருகில் இருக்கும்போது நன்கு பழகிய வேலை இன்னும் நன்றாக நடக்கும், பழகாத வேலையோ மேலும் குழம்பும். இதனைச் சோதிக்க அவரும் அவருடன் இருந்தவர்களும் 1969 இல் கரப்பொத்தான்களை ஓட விட்டார்கள். நேர்வழியில் ஓடிய கரப்பொத்தான், பிற கரப்பொத்தான்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது வேகமாக ஓடியது. திரும்பிச் செல்ல வேண்டிய சிக்கலான வழியில் விடப்பட்டதோ, பார்வையாளர் இருந்தபோது கூடுதலான நேரம் எடுத்தது. ஓவியரைக் கரப்பொத்தானுடன் ஒப்பிடுவதாக நீங்கள் கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். எனக்கு இதைவிடப் பயன் தந்த ஆய்வு வேறொன்று இல்லை.

ஏனென்றால் படம் கீறுவது ஒரே வேலை அன்று. அதற்குள் நேர்வழியும் இருக்கிறது, சிக்கலான வழியும் இருக்கிறது. வானத்துக்கு ஈரமாக ஒரு பூச்சுப் பூசுவதும், பனை வடலியின் ஓலையை மூன்று இழுப்பில் இழுப்பதும் உங்கள் கைக்குப் பழகியவை. அவற்றைப் பத்துப் பேர் பார்த்தாலும் கை செய்யும், பெரும்பாலும் வீட்டில் செய்ததைவிடத் துணிவாகவே செய்யும். ஆனால் அடிவானத்தை எங்கே வைப்பது, எதை விடுவது, எந்த இருட்டு மிகவும் இருண்டதாக இருக்க வேண்டும் என்பன முடிவுகள். முதன்முறை பார்க்கும் காட்சியில் அந்த முடிவுகள் அத்தனையும் புதியவை. நீங்கள் முற்றவெளியில் போய் உட்கார்ந்து, மிகச் சிக்கலான அந்தப் பகுதியைச் சரியாக ஆட்கள் கூடும் நேரத்தில் செய்ய முயன்றிருக்கிறீர்கள். கை தயங்கியதில் வியப்பொன்றும் இல்லை.

ஆகவே முடிவுகளை ஆட்கள் வரும் முன்னரே எடுத்துவிடுங்கள். முதல்நாள் வர்ணப் பெட்டி இல்லாமல் ஒரு பென்சிலும் சிறு கொப்பியும் மட்டும் கொண்டு போங்கள். கொப்பியில் ஏதோ எழுதுபவரை நமது ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சீட்டுக் கணக்குப் பார்க்கிறார் என்று நினைத்துப் போய்விடுவார்கள். நெருப்புப்பெட்டி அளவில் நான்கைந்து கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்றே மூன்று தரங்களில் காட்சியை அடுக்கிப் பாருங்கள். கோட்டை ஐந்து பக்கம் கொண்டது என்பது நமக்குத் தெரியும். ஆனால் நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து அதில் ஓரிரு பக்கங்களே தெரியும், தெரிவதற்கு மேல் கீற வேண்டாம். போர்த்துக்கேயரிடமிருந்து 1658 இல் கைப்பற்றி ஒல்லாந்தர் பெருப்பித்துக் கட்டிய அந்த மதிலில் உள்ள முருகைக்கற்களின் துளைகள், பார்க்கும் கண்ணை விடாமல் பிடித்துக்கொள்பவை. அவற்றை ஒவ்வொன்றாகக் கீறப் போவதில்லை, மதிலை ஒரே நிறத் திட்டாகப் பூசி இரண்டு மூன்று இடங்களில் மட்டும் கல்லின் தன்மையைக் காட்டப் போகிறேன் என்ற முடிவை வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள். அங்கே வந்த பின்னர் எடுக்க முயன்றால், பின்னால் நிற்கும் ஒருவர் "கல்லெல்லாம் போடேல்லையோ?" என்று கேட்டவுடன் போடத் தொடங்கிவிடுவீர்கள்.

மறுநாள் சூரியன் எழுந்து சிறிது நேரத்தில், ஆறரை மணியளவில், இடத்துக்குப் போய்விட்டால் பென்சில் வரைவையும் முதற்பூச்சையும் ஆட்கள் வரும் முன் முடித்துவிடலாம். அதற்குப் பின் யார் வந்து நின்றாலும், அவர்கள் பார்ப்பது நேர்வழியில் ஓடும் கையைத்தான்.

காலையில் போகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கவனத்தைக் கலைப்பவர்கள் ஆட்கள் மட்டும்தான் என்று எண்ணுகிறோம். எனது அனுபவத்தில் வெளிச்சமே பெரிய கள்வன். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. இரண்டு மணி நேரம் இருந்து கீறினால், நீங்கள் தொடங்கியபோது இருந்த நிழல் அங்கே இருக்காது. யாழ்ப்பாணத்தில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகற் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்பதால், மதிலின் நிழல் மதிலின் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். நிழல் மாற மாறப் படத்தைத் திருத்திக்கொண்டிருப்பவர், அருகில் ஒருவரும் இல்லாவிட்டாலும் நிலைகுலைந்துதான் போவார். நிழல்களை முதல் இருபது நிமிடத்தில் பென்சிலால் குறித்துவிட்டு, பின்னர் மதில் என்ன சொன்னாலும் கேளாதீர்கள். பிரான்சின் ஓவியர் மொனே வைக்கோற்போர்களைக் கீறிய 1890-91 காலத்தில் பல கித்தான்களைக் கூடவே எடுத்துச் சென்று, வெளிச்சம் மாறியவுடன் ஒன்றை வைத்துவிட்டு மற்றொன்றை எடுத்தார். நமக்கு அவ்வளவு தேவையில்லை. இரண்டு கடதாசி போதும்.

பின்னால் நிற்பவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் சில மாணவர்களுக்குக் கூச்சமூட்டும் படம் அச்சிட்ட சட்டையை அணிவித்து, பலர் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். படத்தை அறையில் இருந்தவர்களில் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் எண்ணினார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறக்குறைய காற்பங்கினரே. 2000 ஆம் ஆண்டில் வெளியான இந்த ஆய்வை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். முற்றவெளியில் வர்ணப் பெட்டியுடன் இருப்பவரை எல்லாரும் பார்க்கத்தான் செய்வார்கள், அதை மறுப்பதில் பயனில்லை. ஆனால் அவர்கள் பார்ப்பது உங்களை அன்று, கடதாசியை. கடதாசியிலும் உங்கள் பிழையை அன்று, கோட்டை எங்கே வந்திருக்கிறது என்பதை. நீங்கள் பெரிதாக நினைத்து நாணும் அந்த வழிந்த நீலம் அவர்கள் கண்ணில் வானமாகவே படும்.

கேள்வி: வாயை மூடிக்கொண்டு பார்ப்பவர்களால் எனக்குத் தொல்லை இல்லை. கேள்வி கேட்பவர்களால்தான் தொல்லை. "எவடம்?", "ஆற்றை பிள்ளை?", "இதை வித்தால் எவ்வளவு வரும்?" என்று ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். பதில் சொல்லாவிட்டால் மரியாதை இல்லை என்பார்கள். சொன்னால் வர்ணம் காய்ந்துவிடுகிறது. காதில் ஹெட்போன் போட்டுக்கொள்ளலாமா?
ஒரு வாசகர், பருத்தித்துறை

பதில்: ஹெட்போன் வேண்டாம். ஒழுங்கையில் பின்னால் வரும் உழவு இயந்திரத்தின் சத்தம் உங்களுக்குக் கேட்க வேண்டும் என்பது ஒரு காரணம். காது அடைத்திருக்கிறது என்று தெரிந்தால் நமது பெரியவர்கள் தோளில் தட்டிக் கேட்பார்கள், அப்போது தூரிகையும் சேர்ந்து ஆடும் என்பது மற்றது.

"ஆற்றை பிள்ளை?" என்ற கேள்வியைத் தொல்லையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நமது ஊரில் அது விசாரணை அன்று, வணக்கத்தின் ஒரு வகை; தகப்பன் பெயரையும் ஊரையும் சொன்னவுடன் கேட்டவருக்கு மனம் ஆறிவிடும். ஆகவே கடதாசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லக்கூடிய ஒரு விடையை முன்கூட்டியே வாயில் வைத்திருங்கள்: "பருத்தித்துறைதான் ஐயா, இந்த ஈரம் காய முதல் பூசி முடிச்சிட்டுக் கதைக்கிறன், குறை நினையாதையுங்கோ." ஈரம் காய்ந்துவிடும் என்ற காரணத்தை எல்லாரும் உடனே ஏற்றுக்கொள்வார்கள், சுவருக்குச் சாந்து பூசியவர்களும் பூசக் கண்டவர்களும் இல்லாத வீடு எங்கே இருக்கிறது? பூசி முடித்த பின்னர் சொன்னபடி திரும்பிக் கதையுங்கள். கதைக்காவிட்டால் அடுத்தமுறை அந்த வாக்கியம் செல்லாது.

இடையில் நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், நிறுத்தும் முன் படத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாள்நாடாவில் அடுத்துச் செய்யவிருந்ததை ஒரு சொல்லில் எழுதிவிடுங்கள்: "கூரை நிழல்", "வெள்ளை விடு" என்பது போல. ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோபி லெறோய் என்ற ஆய்வாளர் 2009 இல் எழுதினார். திரும்பி வந்து என்ன செய்வது என்பதைச் சுருக்கமாகக் குறித்துவிட்டுப் போனால் அந்த ஒட்டுதல் குறையும் என்பது பின்னர் அவர் சேர்ந்து செய்த ஆய்வில் தெரிந்தது. நான் இதைப் படிக்கும் முன்பே நட்டப்பட்டுக் கற்றுக்கொண்டேன். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் முன்னால் இருந்து கீறிக்கொண்டிருந்தபோது ஒரு முதியவர் வந்து நின்று, 1981 இல் அது எரிந்த இரவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அரைமணி நேரம் கேட்டுவிட்டுத் திரும்பினேன். வெள்ளைக் குவிமாடத்துக்காகக் கடதாசியை வெறுமையாக விட்டிருந்ததை மறந்து, அதன் மேலேயே வானத்தைப் பூசிவிட்டேன். நீர்வர்ணத்தில் வெள்ளை என்பது கடதாசிதான், போனால் போனதுதான். ஓரத்தில் ஒரு சொல் எழுதியிருந்தால் படம் தப்பியிருக்கும். ஆனால் அந்த முதியவரை இடைமறித்திருக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. அப்படி ஒருவர் வந்து பேசும்போது தூரிகையைக் கழுவி வைத்துவிட்டுக் கேளுங்கள். நூலகம் நாளைக்கும் அங்கேதான் நிற்கும்.

இருக்கும் இடத்தையும் தெரிந்தெடுங்கள். முதுகு சுவரோடு இருந்தால் பின்னால் யாரும் நிற்க முடியாது. பார்க்க விரும்புபவர் பக்கவாட்டில்தான் வர வேண்டும், அங்கே நீண்ட நேரம் நிற்பது அவருக்கே வசதியாக இராது. ஒழுங்கையில் ஒரு பழைய வீட்டைக் கீறுவதாக இருந்தால், தூரத்தில் ஒளிந்திருந்து கீறாமல் படலையில் தட்டிக் கேட்டுவிட்டு உட்காருங்கள். பெரும்பாலும் ஒரு கதிரையும் தேத்தண்ணியும் வரும். அதைவிடப் பெரிய நன்மை என்னவென்றால், அதன் பின் வருவோர் போவோருக்கெல்லாம் வீட்டுக்காரரே விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவார். நீங்கள் வாய் திறக்க வேண்டியதே இல்லை. உங்கள் ஊரின் தெருமூடிமடத்தைக் கீறியிருக்கிறீர்களா? வீதிக்கு மேலே கூரை போட்டு, வழிப்போக்கர் ஆறுவதற்கென்றே கட்டிய அந்த இடத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பது யாருக்கும் புதினமாகப் படாது.

கேள்வி: நான் பல்கலைக்கழக மாணவி. தனியே இருந்து கீறும்போது மோட்டார் சைக்கிளில் போகும் இளைஞர்கள் சுற்றிச் சுற்றி வந்து ஏதாவது சொல்கிறார்கள். வீட்டில் "ஏன் போனாய்?" என்கிறார்கள். கவனம் எப்படி நிற்கும்?
பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: இதற்கு முன் நான் சொன்னவை எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. அங்கே கலைவது கவனம். இங்கே நீங்கள் உங்களைக் காத்துக்கொள்ளவும் ஒரு பகுதிக் கவனத்தை ஒதுக்க வேண்டியிருக்கிறது, அது உங்கள் குற்றம் அன்று. பிரான்சில் றோசா பொனர் என்ற பெண் ஓவியர் பாரிஸ் நகரின் குதிரைச் சந்தைக்கு வாரம் இரண்டு நாளாக ஒன்றரை ஆண்டு போய்க் கீறினார். அங்கே நின்ற ஆண்கள் தம்மைக் கவனியாதிருக்க வேண்டும் என்பதற்காக ஆண் உடையில் போனார். 1850களில் பாரிஸில் ஒரு பெண் காற்சட்டை அணிவதற்குப் பொலிஸ் அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டும், அதையும் எடுத்தார். அந்த வரைவுகளிலிருந்து உருவான, ஏறக்குறைய ஐந்து மீற்றர் அகலமான படம் இன்று நியூயோர்க்கில் இருக்கிறது. அவரது துணிவைப் புகழ்பவர்கள், அவர் தேவையில்லாமல் சுமந்த அந்தப் பாரத்தை மறந்துவிடுகிறார்கள்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது, குறைந்தது இருவராகப் போங்கள் என்பதுதான். ஒருவர் கீறும்போது மற்றவர் கீறாமல் இருக்க வேண்டியதில்லை. இருவரும் வேறு வேறு திசையைப் பார்த்து முதுகோடு முதுகாக உட்கார்ந்தால் பின்புறம் என்று ஒன்று இல்லாமற் போய்விடும். தேநீர்க் கடையின் உள்மேசை, உறவினர் வீட்டு மாடி, நூலக முன்றல் ஆகியவற்றிலிருந்து தெரிவதும் வீதிதான், அங்கிருந்து கீறியது குறைந்த படம் ஆகிவிடாது. படைமுகாம்களின் அருகில் மட்டும், காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும், ஆணோ பெண்ணோ யாரும் கொப்பியை விரிக்க வேண்டாம்.

கேள்வி: சிறுவர்கள் வர்ணத்தில் கை வைக்கிறார்கள்.
ஓர் ஆசிரியர், குருநகர்

பதில்: பாடசாலை ஆசிரியரான நீங்கள் என்னிடம் கேட்கிறீர்களே! நான்கு பென்சில் துண்டும் நான்கு கடதாசியும் கூடவே கொண்டுபோய், வந்தவுடன் கொடுத்து, "இந்தத் தோணியை நீங்களும் கீறுங்கோ பார்ப்பம்" என்று சொல்லிவிடுங்கள். இருபது நிமிடம் கிடைக்கும். இருபத்தோராவது நிமிடத்தில் நான்கு படத்துக்கும் புள்ளி கேட்பார்கள்.

கேள்வி: சுன்னாகம் சந்தையைக் கீற ஆசை. ஆனால் ஒருவரும் ஒரு நிமிடம் அசையாமல் நிற்பதில்லை. எதைப் பார்ப்பது என்றே தெரியாமல் தலை சுற்றுகிறது.
ஒரு வாசகர், ஏழாலை

பதில்: அசைபவரைத் துரத்தாதீர்கள், அசைவு திரும்பி வரும் இடத்தைப் பாருங்கள். மரக்கறி விற்கும் அம்மா நிறுக்கக் குனிவார், காசு வாங்க நிமிர்வார், பைக்குள் போட மீண்டும் குனிவார். பத்து நிமிடத்தில் அதே குனிவு ஏழெட்டுத் தடவை வரும். ஒரு பக்கத்தில் மூன்று நிலைகளை அரைகுறையாகத் தொடங்கி வையுங்கள். அவர் எந்த நிலைக்குத் திரும்புகிறாரோ அந்த வரைவில் ஒரு கோட்டைச் சேருங்கள். அவர் போய்விட்டால் வேறொருவர் அதே குனிவில் வந்து நிற்பார். சேலையின் நிறம் மட்டும் மாறியிருக்கும்.

வர்ணத்தைச் சந்தைக்குள் கொண்டு போகவே வேண்டாம். அங்கே பென்சிலும் கையளவுக் கொப்பியும் போதும். நிறத்தைச் சொல்லாக எழுதிக்கொள்ளுங்கள்: "கத்தரி நீலம், பின்னால் சாக்கு மண்நிறம்". பத்து விநாடி உற்றுப் பார்ப்பது, பின்னர் நிமிராமல் கீறுவது என்று பழகினால் சந்தையின் இரைச்சல் தானாகவே தள்ளிப் போகும், ஏனென்றால் கீறும் நேரத்தில் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது சந்தையை அன்று, உங்கள் நினைவை. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயில் வீதியில் கீற விரும்புபவர்களுக்கும் இதையே சொல்வேன். அந்தச் சனத்துக்குள் கதிரை போட்டு இருக்க நினைப்பது முறையும் அன்று, முடியவும் முடியாது.

கேள்வி: ஆட்களைச் சமாளித்துவிட்டேன். பண்ணையில் சோளகக் காற்றுத்தான் பலகையோடு படத்தைத் தூக்குகிறது.
ஒரு வாசகர், மண்டைதீவு

பதில்: கடதாசியை நான்கு ஓரமும் தாள்நாடாவால் ஒட்டுங்கள், கவ்வி மட்டும் போதாது, படபடக்கும் ஒரு மூலை பத்து ஆட்களைவிடக் கூடுதலாகக் கவனத்தை இழுக்கும். 28 க்கு 38 சென்ரிமீற்றர் அளவுக்கு மேல் எடுக்க வேண்டாம், பெரிய பலகை பாய்மரம் போல வேலை செய்யும். குடையும் வேண்டாம், வேண்டியே ஆக வேண்டுமென்றால் கறுப்புக் குடை கொண்டு போங்கள், சிவப்பு அல்லது நீலக் குடையின் நிறம் கடதாசியில் விழுந்து கலவை முழுவதையும் ஏமாற்றிவிடும். காற்றோடு வரும் மணலையும் பூச்சியையும் பற்றிக் கவலைப்படாதீர்கள். வான்கோ 1889 இல் கீறிய ஒலிவ மரப் படமொன்றின் வர்ணத்துக்குள் ஒரு வெட்டுக்கிளி ஒட்டிக்கிடந்ததை 2017 இல்தான் கண்டுபிடித்தார்கள்.

படம் வைக்கும் தாங்கியின் கால்களுக்கு நடுவே தண்ணீர் நிரப்பிய பெரிய போத்தல் ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டால் தாங்கி அசையாமல் நிற்கும். தூரிகை கழுவுவதற்கு வேறு போத்தல் கொண்டு போங்கள். நான் ஒருமுறை தொங்கிய போத்தலிலிருந்தே எடுத்து எடுத்துக் கழுவினேன். படம் முடியும் தறுவாயில் பாரம் குறைந்து, எல்லாமாகச் சேர்ந்து களப்புக்குள் போய்விட்டது.